கதவு பேசும் வீடு

அந்த வீட்டில் அறைக் கதவை இரண்டே காரணங்களுக்காகத்தான் சாத்துவார்கள். உடை மாற்ற, இல்லாவிட்டால் கோபித்துக்கொள்ள. மாமனார் உயிரோடு இருந்தபோது அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டால், மாமியார் பாத்திரத்தைக்கூட ஓசையில்லாமல் கீழே வைப்பாராம். "கதவு பேசுது, அந்தப் பக்கம் போகாதீங்க" என்று பிள்ளைகளிடம் சொல்வாராம். மாமனார் போன பிறகும் அந்தப் பேச்சு மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. நாத்தனார் போன் பண்ணினால் முதலில் கேட்பதே, "என்னம்மா, அங்க கதவு ஏதாவது பேசுதா?" என்பதுதான்.

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் அவள் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

கிட்டார் வீட்டுக்கு வந்த பிறகு சிரிக்க முடியவில்லை. பல் கட்டும் லேபில் அவளுக்கு அடுத்த மேசைக்காரி வேலையை விட்டுப் போகும்போது கொடுத்தது அது. "மெழுகைச் செதுக்கும்போதும் காலால தாளம் போட்டுக்கிட்டே இருக்கியே, நீயாவது வாசி" என்றாள். டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு டீச்சர் சொல்லிக்கொடுத்தாள். சனிக்கிழமை லேபிலிருந்து நேராக அங்கே போவாள். அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் தடை சொல்லவில்லை. வெளியில் நடப்பது வீட்டைத் தொடாது. சிக்கல் மற்ற நாட்களில்தான்.

அவள் முறையாகத்தான் கேட்டாள். "தினமும் ஒரு அரைமணி நேரம் எனக்கு வேணும். வாசிச்சுப் பழகணும்."

"தாராளமா" என்றான் கணவன். "உன்னை யாரு பிடிச்சு வச்சிருக்கா?"

யாரும் பிடித்து வைக்கவில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, கதவைத் திறந்தே வைத்து, சுருதி சேர்ப்பாள். முதல் தந்தி சரியாகும்போது அவன் வாசலில் நின்று கத்தரிக்கோல் எங்கே என்பான். இரண்டாவது தந்திக்கு மாமியார் வந்து, கூரியர்காரன் நிற்கிறான், கையெழுத்துப் போட வேண்டுமாம் என்பார். எட்டு வயது மகள், வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர், கட்டிலில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு, "அம்மா, ஒட்டகத்துக்கு முட்டி எங்க இருக்கு?" என்று கேட்பாள். எல்லாருமே அன்பாகத்தான் கேட்டார்கள். யார்மீதும் குற்றம் சொல்ல வழியில்லை. அதுதான் அவளுக்கு மூச்சு முட்டியது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் மாமியார் கூடத்திலிருந்து ஆறுதல் சொல்வார்: "வரலைன்னா விடும்மா. நாளைக்கு வரும்."

மாதக் கடைசியில் டீச்சர் தன் மாணவர்களை வைத்து அந்த மாடியிலேயே ஒரு சின்ன நிகழ்ச்சி நடத்துவதாக இருந்தாள். அவளும் டீச்சரும் சேர்ந்து வாசிக்க ஒரு பாட்டு. ஆறு தந்திகளையும் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே அழுத்திப் பிடிக்கும் ஒரு பிடி அதில் வரும். ஒவ்வொரு முறையும் அங்கே வந்ததும் தந்திகள் அடைத்த தொண்டை மாதிரி கரகரத்து நின்றுவிடும்.

"வீட்ல உட்கார்றதே இல்லயா?" என்று டீச்சர் கேட்டாள். அவளைவிட வயதில் சின்னவள். "தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பிடி வரலைன்னா உங்க இடத்துல வேற ஆளைப் போட வேண்டியிருக்கும்."

படியிறங்கும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது. தோற்றிருந்தால்கூடப் பரவாயில்லை. உட்கார்ந்து பார்க்காமலே தோற்பது வேறு. இந்த வயதில் தனக்கென்று விரும்பிக் கேட்டது இது ஒன்றுதான். அதையும் அரைகுறையாக விட்டுவிட்டால், மனம் இனி எதையும் கேட்கத் துணியாது என்று பயந்தாள்.

அன்று சாயங்காலம் நடந்தது நிஜமான சண்டை. ஈர டவல் கிட்டாரின் மேல் கிடந்தது. அவன்தான் போட்டிருந்தான்.

"மரம் ஊறிடும்னு தெரியாதா?"

"அட, ஒரு டவலுக்கா இவ்வளவு? நீ என்ன கச்சேரிக்கா போற, டொய்ங் டொய்ங்குன்னு..."

அவன் தன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். மாமியாரும் சிரித்துவிட்டார். அவள் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கிட்டாரை எடுத்தாள்.

வாசித்துக்கொண்டே இருந்தாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை. டிவி அணைந்திருந்தது. யாரும் எதையும் தேடவில்லை. ஒட்டகத்துக்கு முட்டி தேவைப்படவில்லை. அந்தப் பிடியை விரல் வலிக்க வலிக்கப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்தாள். எப்போதோ ஒரு தடவை ஆறு தந்தியும் சேர்ந்து ஒலித்தன. அவள் அப்படியே குனிந்து கிட்டாரின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது டீ ஆறாமல் மூடி வைக்கப்பட்டிருந்தது. அவன் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"டவலைக் கொடியில போட்டுட்டேன்" என்றான் தணிந்த குரலில்.

கோபம் எப்போதோ போய்விட்டிருந்தது. ஆனால் அதை அவள் சொல்லவில்லை.

அடுத்து அவள் செய்ததைத் திட்டம் என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் வரும்போது மனம் தானாகவே தேடத் தொடங்கியது. இன்றைக்கு எதற்குக் கோபப்படலாம்? அணைக்காத விளக்கு. மடிக்காத துணி. மாமியார் போனில் தன்னைப் பற்றிச் சொன்ன ஏதோ ஒன்று. வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு வார்த்தை, அதற்கு ஒரு பதில், பிறகு கதவு. நாடகம்தான். ஆனால் விசித்திரம் என்னவென்றால், பொய்க்குத் தோண்டினாலும் உள்ளே நிஜம்தான் தட்டுப்பட்டது. அணைக்காத விளக்குக்காக வாயைத் திறந்தால், வாலு பிறந்தபோது அவன் வர மறந்த ஒரு மத்தியானம் நாக்கு நுனியில் வந்து நின்றது. எப்போதோ ஆறிப்போனது என்று நினைத்திருந்தாள். அதை விழுங்கிவிட்டுக் கதவைச் சாத்துவாள். உள்ளே போனபின் எது நடிப்பு, எது தான் என்று பிரித்துப் பார்க்காமல் தந்தியைத் தொடுவாள்.

விரல் நுனிகள் காய்த்துப்போயின. லேபில் பல்லின் ஓரம் பிசிறில்லாமல் இருக்கிறதா என்று அவள் இடது கை விரலால்தான் தடவிப் பார்ப்பாள். இப்போது அந்த விரலுக்கு எதுவுமே கரடாகத் தெரியவில்லை. எல்லாம் வழவழப்பாகவே பட்டது. "போன வாரம் நீ அனுப்பினது ஒண்ணு நாக்கைக் கீறுதாம்" என்று மேற்பார்வையாளர் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து வலது கையால் தடவிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

டீச்சர் மகிழ்ந்துபோனாள். "பிடி வந்துடுச்சே! உங்க இடம் உங்களுக்குத்தான். ஆனா எல்லாத்தையும் அடிக்கிற மாதிரி வாசிக்கிறீங்க. யார் மேல இவ்வளவு கோபம்?"

வீட்டில் எல்லாரும் மெதுவாக நடக்கத் தொடங்கியிருந்தார்கள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று அவன் தன் அம்மாவிடம் சொல்வது கேட்டது: "நடு மாடியில சிக்கின லிஃப்ட் கதவையே திறந்துடறேன். இதுக்கு என்ன ஸ்பேனர் போடறதுன்னு தெரியலம்மா." நகைச்சுவையாகத்தான் சொன்னான். குரல் மட்டும் களைத்திருந்தது.

வாலு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவளும், "யாரோ என் ரப்பரை எடுத்துட்டாங்க!" என்று கத்திவிட்டு, தானும் பாட்டியும் படுக்கும் அறைக்குள் போய்ப் படீரென்று சாத்திக்கொண்டாள். அவள் பதறிப்போய்த் திறந்து பார்த்தால், குழந்தை தரையில் கால் நீட்டி உட்கார்ந்து நிம்மதியாகக் காகிதத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தது.

"உஷ்" என்றாள் வாலு. "சும்மாம்மா. ஹோம்வொர்க் பண்ணச் சொல்லுவாங்கல்ல, அதான். நீ பண்ற மாதிரி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. வீட்டிலேயே தன்னைக் கண்டுபிடித்த ஒரே ஆள். கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்த பிறகுதான் 'நீ பண்ற மாதிரி' என்றது உறுத்தியது. அதையும் ஒதுக்கி வைத்தாள். நிகழ்ச்சிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வியாழக்கிழமை அவளுக்கு லேபில் விடுமுறை. வாலு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பையை வீசினாள். யாரையும் பார்க்காமல் அறைக்குள் போய்ச் சாத்திக்கொண்டாள்.

"இப்ப இவளுமா?" என்றார் மாமியார். "ஆளுக்கொரு கதவா? நல்லா இருக்கு."

"விடுங்க அத்தை. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

மீன் வெட்டுகிறாள் என்று நினைத்தாள். குழந்தைக்குத் தன் நேரம் கிடைத்தது, தனக்கும் கிடைத்தது. இன்றைக்குச் சண்டைகூடத் தேவையில்லை. பேத்தியின் கதவுக்காக மாமியாரே ஓசையடக்கி நடந்தார். அவள் தன் அறைக்குப் போய் அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். ஓரிடத்திலும் தடுக்கவில்லை. இன்னொரு முறை வாசித்தாள். கோபமே இல்லாமல், முதன்முறையாக, நீர் போவதுபோல் போனது. இதுதான், இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

வெளியே வந்தபோது பால் டம்ளர் மேசைமேல் ஆடை படிந்து கிடந்தது.

"எத்தனை தடவை கூப்பிட்டுட்டேன். பதிலே இல்ல" என்றார் மாமியார்.

கதவைத் திறந்தாள். வாலு கட்டிலுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்தில் சீருடையோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. அழுது அழுது விக்கல் வந்திருந்தது.

"என்னாச்சு கண்ணு?"

விக்கலுக்கு நடுவே துண்டு துண்டாக வந்தது. பக்கத்தில் உட்காரும் தோழி இடம் மாறிவிட்டாளாம். இவளோடு யாரும் பேசக்கூடாது என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டாளாம். சாப்பாட்டு வேளையில் தனியாக உட்கார்ந்தாளாம்.

"ஏன் என்கிட்ட உடனே சொல்லல?"

"சாத்தினேன்ல."

"நான்... நீ விளையாட்டுக்குச் சாத்தினேன்னு நெனச்சேன்டா."

குழந்தை அவளை நிமிர்ந்து பார்த்தது. குற்றம் சொல்லும் பார்வைகூட இல்லை. புரியாத பார்வை.

"நிஜமாத்தான் சாத்தினேன். உனக்கு வித்தியாசம் தெரியும்னு நெனச்சேன்." பிறகு, "நீ வாசிச்சது கேட்டுச்சு. ரெண்டு தடவை."

அவள் அந்தச் சந்துக்குள் தன்னைத் திணித்துக்கொண்டு குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டாள். நீர் போவதுபோல் போனதே, அந்த நேரம் முழுதும் இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இவள் இருந்திருக்கிறாள். கிட்டாரை இன்றே யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. உடனே, கொடுக்க மாட்டோம் என்றும் தெரிந்தது. அப்படித் தெரிந்ததற்காகத் தன்மேல் ஒரு வெறுப்பு வந்தது.

கணவன் வேலை முடிந்து வந்ததும் கூடத்தில் வைத்துச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் ஷூவைக் கழற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு காலில் ஷூ அப்படியே இருந்தது.

"அப்ப அந்த விளக்குச் சண்டை?"

"இல்ல. கோபம் இல்ல."

"துணி?"

"அதுவும் இல்ல."

"அதுக்கு மூணு நாள் உன் மூஞ்சியைப் பார்க்கவே பயந்தேன். தெரியுமா உனக்கு?" அவன் கத்தவில்லை. "கேட்டிருந்தா நான் விட்டிருக்க மாட்டேனா?"

"கேட்டேன்."

"எப்ப?"

"முதல்லயே. தாராளமான்னு சொன்னீங்க. அப்புறம் கத்தரிக்கோல் கேட்டீங்க."

அவன் குனிந்து மற்ற ஷூவைக் கழற்றினான். மாமியார் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்: "கோபம்னா ஒதுங்கிப் போகத் தெரியும். அப்படியே பழகிட்டோம். இதுக்கு எப்படி ஒதுங்கறதுன்னு எங்களுக்கு யாரு சொன்னா?"

மறுநாள் சாயங்காலம் வாலுவின் தலையைப் பின்னிவிட்டு, பள்ளிக்கூடத்தில் நடந்ததை முழுதாகக் கேட்டாள். தோழி இன்னும் பேசவில்லையாம். ஆனால் வேறொருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாளாம். அதன்பிறகு கூடத்துக்கு வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நான் வாசிக்கப் போறேன். கோபமில்ல. கதவைச் சாத்திக்கிறேன்." ஒரு அறிக்கை வாசிப்பதுபோல் தனக்கே கூச்சமாக இருந்தது. கணவன் பேப்பரிலிருந்து முகத்தைத் தூக்காமல் தலையசைத்தான். அவன் இன்னும் மனத்தாங்கலோடுதான் இருந்தான்.

சுருதி சேர்த்தாள். முதல் வரி வாசித்தாள். கதவு திறந்தது.

மாமியார், கையில் ஒரு டப்பா. "கோபமில்லன்னு சொன்னியே, அதான் வந்தேன். இந்த மூடி வரவே மாட்டேங்குது. கொஞ்சம் திறந்து குடேன்."

அவள் டப்பாவைப் பார்த்தாள். கை தானாக நீளப் பார்த்தது. திறந்து கொடுப்பது எவ்வளவு சுலபம். எரிந்து விழுவதும் எவ்வளவு சுலபம். அந்த வழி நன்றாகப் பழகிய வழி.

"முடிச்சிட்டு வந்து திறந்து தரேன் அத்தை."

"ஒரு நிமிஷ வேலைம்மா."

"தெரியும் அத்தை."

குரல் நடுங்கியது. இத்தனை சண்டையிலும் ஒரு தடவைகூட இப்படி நடுங்கியதில்லை. மாமியாரின் முகம் மெல்லச் சுருங்கியது. கோபமில்லாமல் மறுக்கப்படுவதை அவர் அறிந்ததில்லை. அதை என்ன செய்வதென்று தெரியாமல் டப்பாவை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார். போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. அந்த முகத்தைப் பார்க்காமலிருக்க இனிமேல் ஒரு சண்டைகூடக் கையில் இல்லை.

அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே ஆறு தந்தியையும் அழுத்தினாள். பிடி சரியாக விழவில்லை, கரகரத்தது. விரலைத் தூக்கி, மறுபடி வைத்தாள்.