மண்டையோட்டின் பின்பக்கம்

கூடத்தில் புருஷனைக் கிடத்தியிருக்க, கொல்லையில் முழங்காலிட்டுச் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள் மரகதம். கிணற்றடியிலிருந்து வாழைக்கு ஓடும் வாய்க்காலில் கருஞ்சேறு தேங்கிக் கிடந்தது. அதை இரண்டு கையாலும் வாரி மாவு சலிக்கிற சல்லடையில் போட்டு, சொம்புத் தண்ணீர் விட்டு அலசி, மிஞ்சியதை வெயிலில் காட்டிப் பார்த்தாள். செங்கல் துணுக்கு, புளியங்கொட்டை, எந்தக் காலத்திலோ காணாமற்போன ஜாக்கெட் கொக்கி. உலகத்துக் குப்பையெல்லாம் வந்தது, அவள் தேடியது வரவில்லை.

"அண்ணி, மானம் போவுது. உள்ள வா," என்று பின்கட்டு வாசலில் நின்று அதட்டினான் பலராமன். செத்துப்போன தசரதனின் தம்பி. தசரதனுக்கும் மரகதத்துக்கும் பிள்ளை கிடையாது, கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான்.

"தோ வரேன்."

"காலையிலேர்ந்து இதத்தான் சொல்லிக்கினு கீற. வல்லக்கோட்டையிலேர்ந்து உங்க அண்ணன் கோடி எடுத்தாந்துட்டாரு. ஒரகடத்து மேளக்காரங்களும் வந்தாச்சு. பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்."

"எடுக்கலாம். நான் பாத்துட்டு வந்ததும் எடுக்கலாம்."

"இன்னாத்த பாக்கணும்?"

சொன்னால் மட்டும் அவனுக்குப் புரிந்துவிடப் போகிறதா? ஏற்கெனவே கூடத்தில் ஒப்பாரிக்கு நடுநடுவே, மரகதத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும் என்று அடுத்த கை சேற்றை வாரினாள்.

தசரதன் தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் வாத்தியார். இந்த வடக்குப்பட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய்விட்டு இருட்டுகிற நேரத்துக்கு வந்து சேருவார். கல்யாணமான புதிதில் கல்லூரிப் பையன்களைக் கூட்டிக்கொண்டு கோதாவரிக் காட்டுப் பக்கம் போனவர், உரித்த தேங்காய் அளவுக்கு ஒரு கல்லைச் சாக்கில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கல்லுக்குள் ஒரு மண்டையோடு இருந்தது. கோழி முட்டையை விடச் சின்னது. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் செத்த ஜீவன்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று பேர் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு பொழுது கல்லைப் புளித்த வாடையடிக்கிற அமிலத்தில் போடுவார். வெளியே எடுத்துத் தண்ணீர்ப் பேசினில் பல நாள் ஊறவைப்பார். காயவைத்து, தெரிகிற எலும்பின்மேல் பசை தடவுவார். மறுபடி அமிலம். கல் கரையும், எலும்பு நிற்கும். அவசரப்பட்டால் எலும்பும் போய்விடும். நெற்றி தெரிய ஒரு மழைக்காலம் ஆயிற்று, பல் வரிசைக்கு இன்னும் எத்தனையோ. ஊறுகாய் போடுகிற வீடு என்று அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கல்லைச் சுரண்டப் போய், மரகதத்தின் தையல் ஊசிகள் ஒன்றுகூட அவளுடைய டப்பாவில் தங்கவில்லை.

ஒரு நாள் அவள் பால் காய்ச்சுகிற சட்டியில் தவளையை வேகவைத்துவிட்டார். அன்றைக்கு நடந்த சண்டையில் மரகதம் சட்டியையே தூக்கிக் கொல்லையில் எறிந்தாள். ராத்திரி சமாதானத்துக்கு வந்தவர், வெந்த தவளையின் மண்டையையும் சுவரில் செத்துக் காய்ந்த ஒரு பல்லியின் மண்டையையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இத பாரு மரகதம். மண்ட கழுத்தெலும்பு மேல உக்கார்ற எடம். தவளைக்குக் குமிழ் ரெண்டு, பல்லிக்கு ஒண்ணு. நம்ம கல்லுல அந்தப் பின்பக்கம் இன்னும் தெரியல. தெரிஞ்சா முடிஞ்சுது கத."

"எனக்கு புதுச் சட்டி வேணும்," என்றாள் மரகதம். ஆனால் பார்த்தாள், மறக்கவும் இல்லை.

தண்ணீரை விட்டுக் கரையேறி, தரையிலேயே முட்டையிட்டுப் பிழைத்த பல்லி வம்சத்துக்கு மூத்த கூட்டம் இந்த ஜீவன் என்பது தசரதனின் கட்சி. அதே கல்லூரியில் வேலை பார்த்த கிறிஸ்துதாஸ், பார்வைக்குத்தான் பல்லி, உண்மையில் கடைசிவரை தண்ணீரை விடாத தவளைக் கூட்டம் என்றார். ஒரு கருத்தரங்கில் நாலு பேர் முன்னால் வாக்குவாதம் முற்றி, தசரதன் அவரைக் குருடன் என்று சொல்லப்போக, அதோடு பேச்சு நின்றது. நெற்றியையும் பல்லையும் தாடையையும் சுத்தம் செய்த மனுஷன், பின்பக்கத்தை மட்டும் தொடாமலே வருஷத்தை ஓட்டினார். "பாக்க பயமாக்கும்," என்று மரகதம் குத்திக்காட்டினால் எழுந்து போய்விடுவார். இந்த மாதம்தான் என்ன தோன்றியதோ, கல்லைத் திருப்பிப் போட்டு வேலையைத் தொடங்கினார். நேற்றுச் சாயங்காலம் அமிலத்திலிருந்து எடுத்துத் தண்ணீர்ப் பேசினில் போட்டுவிட்டு வந்தவரின் முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை.

"ஒரு பொறுக்கு கல்லுதான் பாக்கி. காலையில தெரிஞ்சுடும் மரகதம்."

விடியுமுன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவள் தசரதனின் அக்கா கிளியம்மாள். சாவு விழுந்த வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் ஆகாது. அழுதுகொண்டே குடம், அண்டா, சொம்பு என்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டிக் கவிழ்த்தாள். பேசினிலும் தண்ணீர்தானே இருந்தது. அதையும் வீசிக் கொட்டினாள். ஊறி ஊறிப் பலமிழந்திருந்த மண்டையோடு துணி துவைக்கிற கல்லில் பட்டுச் சிதறியது. முன்பக்கத் துண்டுகள் கல்லடியிலேயே கிடைத்தன. பின்பக்கம் வாய்க்காலோடு போய்விட்டது.

இப்போது அந்தக் கிளியம்மாள், அழுது வீங்கிய முகத்தோடு கொல்லைக்கு வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"நான் இன்னாத்த கண்டேன்? சாவு வூட்டுத் தண்ணின்னு கொட்டுனேன்."

"உன்ன யாரு இன்னா சொன்னாங்க அக்கா."

"நீ சொன்னாலும் தேவல. சொல்லாம இப்படிச் சேத்துல கெடக்கிறியே." கிளியம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதிரில் குந்தினாள். "எப்டிகீது அது? சொல்லு."

"சுண்டுவிரல் நகத்தவிட கொஞ்சம் பெரிசு. நடுவுல ஒரு ஓட்ட."

இருவரும் வாரினார்கள், அலசினார்கள். கூடத்தில் மேளம் ஒரு சுற்று அடித்து ஓய்ந்தது. பலராமன் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தான். அக்காவும் சேற்றில் இறங்கியிருப்பதைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டு போனான். எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், ஏரிக்கரையில் வைத்து எரித்துவிடுவார்கள், அந்த மனுஷன் ஆயுசு பூரா கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் தெரியாமலே போய்விடுவார். அதை நினைக்க நினைக்க மரகதம் இன்னும் வேகமாக வாரினாள்.

சல்லடையில் மஞ்சளாக ஏதோ தங்கியது. எடுத்துத் தண்ணீரில் முக்கி, புடவைத் தலைப்பில் ஒற்றி, வெயிலில் சற்றுக் காட்டி, நாக்கில் வைத்தாள்.

"ஐயோ, இன்னாடி பண்ற," என்று பதறினாள் கிளியம்மாள்.

"கல்லுன்னா நாக்குல ஒட்டாது. எலும்புன்னா ஒட்டும்னு சொல்வாரு."

ஒட்டவில்லை. துப்பினாள். அடுத்ததும் ஒட்டவில்லை. அதற்கடுத்தது ஒட்டிக்கொண்டது. மரகதத்தின் கண்ணில் அப்போதுதான், அன்றைக்கு முதன்முதலாக, தண்ணீர் வந்தது.

ஓட்டையில் சேறு அடைத்திருந்தது. தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, சேற்றைக் குத்தாமல் வழித்தாள். ஓட்டைக்கு அடியில் மிச்சமிருந்த கல்பொறுக்கு ஊக்கு முனை பட்டதும் மாவாக உதிர்ந்தது. சொம்பில் அலசினாள். கண்ணால் பார்க்குமுன் விரல் நுனியால் தடவினாள். இந்தப் பக்கம் ஒரு மேடு. நடுவில் பள்ளம். அந்தப் பக்கம் இன்னொரு மேடு.

மறுபடி தடவினாள். அப்புறம் பார்த்தாள். பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா, நல்லதா கெட்டதா?" என்று கேட்டாள் கிளியம்மாள்.

அந்த நேரத்தில் பின்கட்டு வாசலில் நரைத்த தலையோடு ஒருவர் வந்து நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கிறிஸ்துதாஸ். கல்லூரிக்குத் தகவல் போய், கிடைத்த பஸ்ஸில் வந்திருக்கிறார்.

"அம்மா," என்றார்.

மரகதம் எழுந்து, சேறு வழியும் கையை அப்படியே நீட்டினாள். "சார், நீங்களே பாத்து சொல்லுங்க."

அது என்ன என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செருப்பைக் கீழே போட்டுவிட்டு வாங்கினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுதாம்மா," என்றார். "அவர் சொன்னதுதான் சரி. பல்லி வம்சம். நான்தான் தெரியாம வாதாடிட்டேன்."

மரகதத்துக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ.

"சார், தவளைய எம் பால் சட்டியில வேகவெச்சு எனக்குக் காட்டியிருக்காரு. அவரு உசுரோட இருந்தா இப்படிச் சொல்வீங்களா?"

அவர் கையிலிருந்த துண்டை மறுபடி திருப்பினார்.

"கேக்கிறேன் இல்ல."

"மாட்டேன். சண்ட போட்டிருப்பேன்."

"அப்ப இப்பவும் போடுங்க. செத்துட்டாரேன்னு விட்டுக்குடுத்தீங்கன்னு தெரிஞ்சா அவருக்கு எவ்ளோ அவமானம்."

கிறிஸ்துதாஸ் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "ரெண்டும்மா," என்றார். "ரெண்டேதான். தவளைக் கூட்டம். ஆனா அந்தப் பல்ல பாத்தா யாரும் பல்லின்னுதான் சொல்லுவாங்க. அவர் ஏமாந்ததுல தப்பே இல்ல."

"அதெல்லாம் அவருகிட்ட நான் சொல்ல முடியாது. ரெண்டுன்னு மட்டும் சொல்றேன்," என்று மரகதம் அந்தத் துண்டை அவர் கையிலேயே விட்டுவிட்டு, கிணற்றடியில் முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். கிளியம்மாள் பின்னாலேயே போனாள்.

கூடத்தில் பெண்கள் வழி விட்டார்கள். வல்லக்கோட்டை அண்ணன் கோடிப் புடவையைத் தோளில் போர்த்தினார். வாய்க்கரிசித் தட்டைப் பலராமன் நீட்ட, மரகதம் ஒரு பிடி எடுத்து மூன்று முறை சுற்றி வந்தாள். கால்மாட்டில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் தலைமாட்டில் மண்டியிட்டு, அரிசியை அவர் உதட்டில் வைத்து, காதருகில் குனிந்தாள்.

"ஏங்க," என்றாள். "ரெண்டு."

எதைச் சொன்னாலும் உடனே ஒத்துக்கொள்கிற மனுஷன் இல்லை தசரதன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். பிறகுதான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அதெப்படி என்று ஆரம்பிப்பார். அந்தக் கொஞ்ச நேரம் முழுக்க அவள் குனிந்தபடியே இருந்தாள்.

அதன் பிறகு நிமிர்ந்து, எடுக்கச் சொன்னாள்.