இணைக்காத ஏழாம் போன்

மேடையில் வரிசையாக வைத்த பன்னிரண்டு போன்களில் நாலுக்குத்தான் லைன் இருந்தது. லைனே இல்லாத ஏழாம் போன், இரண்டாம் வருஷ ஒளிபரப்பில், ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து பத்துக்கு மணி அடித்தது. மூச்சுக் கோளாறு உள்ள குழந்தைகளின் வார்டுக்காக உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம் வருஷத்துக்கு ஒருமுறை நடத்திய நிதி திரட்டும் நிகழ்ச்சி அது. நிலையத்துக்குக் கட்டுப்படியானது நாலு லைன். நாலு போனை மட்டும் வைத்தால் மேடை பொக்கை வாய் மாதிரி தெரிகிறது என்று டைரக்டர் சொன்னதால், பழைய சாமான் கடையிலிருந்து எட்டு செத்த போன்களை வாங்கி இடையிடையே சொருகினார்கள். அவற்றின் ஒயர்கள் மேடைக்கு அடியில் சும்மா தொங்கின. அந்த எட்டின் முன்னால் உட்கார்ந்தவர்கள் ரிசீவரைக் காதில் வைத்து வாயை அசைக்க வேண்டும். தலையாட்டலாம், சிரிக்கலாம், எதையாவது எழுதுகிற மாதிரி கிறுக்கலாம். உள்ளே இருந்தவர்களுக்கு இது தெரியும். வீட்டில் உட்கார்ந்து பார்த்து உருகியவர்களுக்குத் தெரியாது. மைக்கைப் பிடித்துச் செய்கிற தருமத்தில் இந்த மாதிரி இரண்டு மூன்று ஓட்டை இருக்கத்தான் செய்யும்.

லைன் இழுத்தவர் ஊரில் டெஸ்டர் என்று பெயர் வாங்கிய வயர்மேன். சட்டைப் பையில் எந்நேரமும் டெஸ்டர் வைத்திருப்பார். பல்பு எரிவதைக் கண்ணால் பார்த்தாலும் கரண்ட் வருகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். கல்யாணப் பத்திரிகை வந்தால் நிஜமாகவே கல்யாணமா என்று கேட்கிற ஆள். அவருடைய ஒரே மகள் அந்த வார்டில்தான் இருந்தாள். அப்போது அவளுக்கு மூன்று வயது. படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்பதால், உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியிருந்த குழந்தை. அவள் அம்மா பகலும் இரவும் கட்டில் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். டெஸ்டர் மேடைக்கு அடியில் ஒயரோடு ஒயராகக் கிடந்தார். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாத மனிதர், மேலே ஊரே கையேந்திக்கொண்டிருக்க, கீழே இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஏழாம் போனில் உட்கார்ந்தது டெஸ்டரின் தங்கை. பஞ்சாலையில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவள். மில் இரைச்சலைத் தாண்டிப் பேசிப் பேசித் குரல் பெருத்துவிட்டது. அவள் வீட்டுக்குள் உப்பு கேட்டால் தெருமுனைக் கடைக்காரர் பொட்டலம் கட்டிவிடுவார் என்பார்கள். இவளை நிஜ லைனில் உட்கார வைத்தால் தொகுப்பாளரின் குரல் கேட்காது என்று செத்த போனைக் கொடுத்தார்கள். ஆனால் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இன்னொரு பேச்சும் உண்டு. மிஷின் ஓடும்போது குரல் எடுபடாது என்பதால், சத்தமே இல்லாமல் உதட்டால் பேசுவார்கள். நாலு மிஷின் தள்ளி நிற்பவள் அதைப் படித்துப் பதில் சொல்வாள். மற்ற செத்த போன்காரர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி வாயசைத்தார்கள். ஆறாம் போனில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் சத்தமில்லாமல் மருமகளைத் திட்டித் தீர்த்தார். தங்கைக்குப் பொய்யாக உதடு அசைக்க வராது. நிஜமாகவே கேட்டாள்.

கேட்டதற்குப் பதிலாகத்தான் மணி அடித்தது. எடுத்தாள். ஒரு ஆண் குரல், கொஞ்சம் வயசான குரல்.

"அம்மா, காசு பணம் எங்கிட்ட கிடையாது. மூச்சு இருக்கு. தினம் ஐநூறு எடுத்துக்குங்க."

"ஐநூறு போனா மீதி போதுமாய்யா உங்களுக்கு?" என்று இவள் உதட்டாலேயே கேட்டாள்.

"எனக்கென்ன, செருப்பு தைக்கிற வேலை. ஓட்டமா சாட்டமா? எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். நிகழ்ச்சி முடிவதற்குள் நாற்பத்து மூன்று பேர் கூப்பிட்டார்கள். மறுநாள் விடியற்காலை வார்டில் இருபத்திரண்டு குழந்தைகளும் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டெஸ்டரின் மனைவி மகளின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு அவளும் அந்த நாற்காலியிலேயே ஒன்பது மணிநேரம் தூங்கினாள். பெரிய டாக்டர் ஒவ்வொரு குழந்தையாகப் பார்த்து, மூச்சு எங்கிருந்து வந்தாலும் அளவு சரியாக இருக்கிறது என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வாக்குக் கொடுத்தவர்களிடமும் மூச்சு குறைந்தது தெரிந்தது. பேண்டு வாசிப்பவர் ஒருவர் மூவாயிரம் கொடுத்துவிட்டு டிரம்பெட்டை விட்டு மேளத்துக்கு மாறினார். பலூன்காரர் சைக்கிள் பம்பு வாங்கினார். மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தில், வசவு பாதியிலேயே நின்று போனதால் பேச்சு ராசியில் முடிந்தது. மனைவியின் பெயரில் கொடுக்கப் பார்த்த கணவர்கள் பதினோரு பேர், அது செல்லவில்லை. அவரவர் மூச்சை அவரவர்தான் கொடுக்க முடியும், அதுவும் அடுத்த ஒளிபரப்பு வரைக்கும்தான். அன்று மாலை ஐந்து பத்தோடு வாக்கு காலாவதியாகும். திரும்பவும் கேட்க வேண்டும், திரும்பவும் கொடுக்க வேண்டும்.

அடுத்த இரண்டு வருஷத்தில் நிகழ்ச்சி எங்கேயோ போய்விட்டது. மூன்று மணிநேரம் ஆறானது, ஆறு இருபத்து நாலானது. நடிகர்கள் வந்தார்கள், மந்திரி வந்தார், சிமெண்ட் கம்பெனி முதலாளி கதவு அளவுக்கு ஒரு காசோலை செய்துகொண்டு வந்தார்; அது நிலையத்தின் கதவுக்குள் நுழையாததால் இரண்டாக வெட்டி உள்ளே கொண்டுபோனார்கள். தொகுப்பாளர் மணிக்கு ஒருமுறை அழுதார். அழுகைக்கு முன்னால் விளம்பரம், பின்னால் விளம்பரம். தெருவெல்லாம் வெறிச்சோடிக் கிடக்கும் அன்றைக்கு. ஏழாம் போனைப் பற்றித் திரையில் ஒரு வார்த்தை வரவில்லை. காசு தராத போனைப் பற்றி யார் பேசுவார்கள்? ஆனாலும் அது அடித்துக்கொண்டே இருந்தது, குழந்தைகள் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தார்கள்.

டெஸ்டருக்கு மட்டும் அது உறுத்தியது. லைன் இல்லாத போன் அடிக்காது. அடித்தால் எங்கேயோ திருட்டுக் கனெக்ஷன் இருக்கிறது. தவிர, வயர்மேனுக்கு என்று ஒரு புத்தி உண்டு. ஒயர் ஒன்று நுனி திறந்து தொங்கினால் கை சும்மா இருக்காது. ஐந்தாம் வருஷம் நிலையத்தில் பன்னிரண்டு லைனும் வாங்கியிருந்தார்கள். ஏழாம் போனை விட்டுவிடு அண்ணே என்று தங்கை முன்கூட்டியே சொல்லியிருந்தாள். இவர் நிகழ்ச்சி தொடங்குவதற்கு முந்தின நிமிஷம் அதன் ஒயரையும் சீவி, முறுக்கி, லைனோடு இணைத்து, மேலே டேப் சுற்றிவிட்டார். எங்கிருந்து பேசுகிறார்கள் என்று இப்போது தெரிந்துவிடும் என்று நினைத்தார்.

தெரிந்தது. ஒருவர் பழைய பாட்டுப் போடச் சொன்னார். ஒருத்தி தொகுப்பாளரின் சட்டை எந்தக் கடை என்று கேட்டாள். ஒருவன் சும்மா சிரித்தான். இப்படியே நாலு மணிநேரம் போனது. போன வருஷத்து வாக்கெல்லாம் ஐந்து பத்துக்குத் தீர்ந்தது. ஐந்தே காலுக்கு வார்டிலிருந்து டெஸ்டரின் மனைவி நிலையத்துக்கே ஆள் அனுப்பினாள்: குழந்தை உட்கார்ந்துவிட்டாள், உதடு நீலமாகிறது.

தங்கை வாழ்க்கையில் முதல்தடவையாக நேரலையில் குரலைத் திறந்தாள்.

"அண்ணே! என்ன பண்ணித் தொலைச்சே கீழே?"

"கனெக்ஷன் குடுத்தேன்."

"உன்னை யாரு குடுக்கச் சொன்னா? புடுங்குடா அதை!"

அண்ணனை டா போட்டது அந்த ஒரு தடவைதான். டெஸ்டர் தவழ்ந்து போய்க் கட்டரால் ஒயரை வெட்டினார். அவசரத்தில் அவருடைய இரண்டு கால்களும் மேடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை ஊரே பார்த்தது. மூன்று நிமிஷத்தில் போன் அடித்தது. அன்று ராத்திரி மகளின் உதடு பழைய நிறத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு டெஸ்டர் அந்த ஒயரை நேருக்கு நேர் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

நிகழ்ச்சியின் பெயர் ஏறியதைவிட வேகமாக இறங்கியது. வசூலில் மேடைப் பூவுக்கும் நடிகர்களின் ஓட்டலுக்கும் எவ்வளவு போனது என்று ஒரு பத்திரிகை எழுதியது. எழுதியது அத்தனையும் பொய் என்று நிலையம் சொல்லவில்லை; பாதி பொய் என்றது. ஜனங்கள் வேறு சேனலுக்கு மாறினார்கள். ஆறாம் வருஷம் மேடையும் போனும் போய், செல்போனில் அனுப்ப ஒரு எண் மட்டும் திரையின் அடியில் ஓடியது. தங்கை சண்டை போட்டு, ஒரு மூலையில் நாற்காலியும் ஏழாம் போனும் வாங்கிக்கொண்டாள். கேமரா அவள் பக்கம் இரண்டு தடவைதான் திரும்பியது. பத்தொன்பது பேர் கூப்பிட்டார்கள். அந்த வருஷம் முழுக்கக் குழந்தைகள் முறை வைத்துப் படுத்தார்கள். பாதிப் பேர் படுத்திருக்கும்போது பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏழாம் வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மெத்தை விளம்பரம் மூன்று மணிநேரம் என்று அட்டவணை வந்தது.

டெஸ்டர் மேனேஜரைப் பார்க்கப் போனார். ஒரு மனுஷனிடம் நின்று கேட்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளே போய் ஏ.சி. பிளக்கை டெஸ்டரால் தொட்டுப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழமை அஞ்சு மணிக்கு ஒரு பத்து நிமிஷம். என் தங்கச்சி மூஞ்சி மட்டும் தெரிஞ்சாப் போதும்," என்றார்.

"யாரும் பாக்கறதில்லை சார். நான் என்ன பண்ணட்டும்? வேணும்னா அந்த போனை எடுத்துக்கிட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய கடையில் ரிப்பேருக்குக் கொடுத்தவர் திரும்பி வராத பெரிய மரப்பெட்டி டி.வி. ஒன்று கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதன் முதுகுப் பலகையை அகற்றி, பிக்சர் டியூபைக் கழற்றி எடுத்து, உள்ளே துடைத்து, தெருவைப் பார்க்கக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தார். தங்கை பின்பக்கமாகத் தலையையும் ஒரு கையையும் நுழைத்துக்கொண்டாள். போனை டெஸ்டரால் மூன்று இடத்தில் தொட்டுப் பார்த்தார். சுத்தமாகச் செத்திருந்தது. அது அவருக்குத் தெம்பாக இருந்தது. மகளை வார்டிலிருந்து கூட்டி வந்து கடை ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். எட்டு வயது, ஐந்து வயது உடம்பு. அம்மா அவள் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

நாலரைக்கு நின்று பார்த்தவர்கள் பத்துப் பேர். ஐந்துக்கு நாற்பது பேர். டி.வி. நன்றாகத் தெரிகிறது, சத்தம்தான் வரவில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். போன் அடிக்கவில்லை. ஐந்து பத்து ஆனது. மகள் ஸ்டூலில் முன்னால் குனிந்தாள்.

"அண்ணே, நீ இப்படி முறைச்சுக்கிட்டு நின்னா எவன் கூப்பிடுவான்?" என்றாள் பெட்டிக்குள்ளிருந்து தங்கை. "எதிர்ப் பக்கம் போ. போய் நாலு பேரு மாதிரி நில்லு."

போனார். எதிர்ப்புற மருந்துக் கடை வாசலில், கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் அந்த நிகழ்ச்சியை ஒருநாளும் பார்த்ததில்லை. எப்போதும் மேடைக்கு அடியில்தான் இருந்தார். மில்லில் மூன்று வருஷம் ஒயரிங் வேலை பார்த்தவர் என்பதால் உதட்டுப் பேச்சு படிக்க வரும். தங்கை சொன்னது இதுதான்: "எங்க அண்ணனுக்கு ஒரே பொண்ணுங்க. அவளோட இன்னும் இருபத்தோரு புள்ளைங்க. எங்க அண்ணன் வாயைத் திறந்து கேக்கமாட்டாரு, அவரு பிறவி அப்படி. அதனால நான் கேக்கறேன். ஆளுக்குக் கொஞ்சம் மூச்சு கொடுங்க." முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். ஆறு வருஷமாக இதையேதான் சொல்லியிருக்கிறாள்.

டெஸ்டர் மருந்துக் கடைக்குள் போய் கல்லா மேல் இருந்த போனை எடுத்தார். எந்த எண்ணை அழுத்துவது என்று தெரியவில்லை. அழுத்தாமலே காதில் வைத்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் பெட்டிக்குள் மணி அடித்தது.

"சொல்லுங்க," என்றாள் தங்கை.

"எவ்வளவு வேணுமோ எடுத்துக்க."

"அப்படியெல்லாம் எழுத முடியாதுங்க. கணக்கு சொல்லுங்க."

"நாலாயிரம்."

"பேரு?"

"பேரு கேக்கறா பாரு. டெஸ்டர்னு போட்டுக்கடி."

அவர் ரிசீவரை வைத்தபோது மருந்துக் கடைக்காரர் அடுத்து நின்றார், அவருக்குப் பின்னால் இருமல் மருந்து வாங்க வந்தவர், அவருக்குப் பின்னால் தெருவில் பாதி. ஏழு மணிக்குள் இருபத்திரண்டு குழந்தைகளுக்கும் போதுமானது வந்துவிட்டது. மகள் ஸ்டூலைவிட்டு இறங்கி, கடை பெஞ்சில் மல்லாந்து படுத்து, விசிறி சுற்றுவதைப் பார்த்தாள்.

அதிலிருந்து வருஷத்தில் அந்த ஒரு ஞாயிறு கடையில்தான் ஒளிபரப்பு. உரிமம் இருக்கிறதா என்று ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். எதிலும் கரண்ட் இல்லை என்பதைத் தானே தொட்டுப் பார்த்துவிட்டு, எண்ணூறு கொடுத்துவிட்டுப் போனார். மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வருஷம் ஒருமுறை வார்டில் காட்டினால் போதும். வார்டு மூன்றாம் மாடியில். போன தடவை லிஃப்ட் ஓடவில்லை. பன்னிரண்டு வயது மகள் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி மேலே போய்விட்டாள். டெஸ்டர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டார். அங்கே ஏற்கெனவே மருந்துக் கடைக்காரர் உட்பட நாலு பேர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவர் ஐந்தாவது ஆளாக நின்றுகொண்டார்.