தட்டினால் வராத கிளி

பூங்காத் துறைப் பொறியாளரிடம் பேசிப் பேசியே கிளியம்மாவுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது. அவர் பறவை ஆய்வாளர். அலுவலகம் வைத்த பட்டப்பெயர்தான் கிளியம்மா. ஏரிக்கரையில் பட்டுப்போன பெரிய மரத்தை வெட்டப்போகிறார்கள். அதன் பொந்தில் நீலத்தலைக் கிளி ஒன்று குஞ்சுகளோடு இருக்கிறது. இந்த வருஷம் அவர் நாயாய் அலைந்து கண்டுபிடித்த ஒரே கூடு அதுதான். குஞ்சுகள் பறக்கிற வரைக்கும் மரத்தை விட்டுவைக்கச் சொன்னார். கேட்டது அவ்வளவுதான்.

“சாயங்காலம் பஸ் நிலையத்து மரத்துக்கிட்ட நின்னு பாருங்க, காது கிழியும். கிளிக்கு என்னம்மா பஞ்சம்?” என்றார் பொறியாளர்.

“அத்தனையும் கிழடு சார். ரொம்ப வருஷம் உயிரோட இருக்கிற ஜாதி, அதான் கூட்டம் குறையாத மாதிரி தெரியுது. பொந்துள்ள மரத்தையெல்லாம் வெட்டிட்டா எங்க போய்க் குஞ்சு பொரிக்கும்?”

பொறியாளர் விதியைக் காட்டினார். வெட்டுமுன் மரத்தைத் தட்ட வேண்டும். பறவை வெளியே வந்தால் மரத்தை விட்டுவிட வேண்டும். மைனாவுக்கு நல்ல விதிதான். இந்தக் கிளியோ வெளியே ஊரைக் கூட்டுகிற வாயாடி, கூட்டுக்குள் போனால் மூச்சுக் காட்டாது. தட்டினால் இன்னும் ஒடுங்கிக் குஞ்சுகளை மூடிக்கொள்ளும். ஆள் நின்றால் ஆண்கிளியும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. இதைச் சொல்லிச் சொல்லிக் கிளியம்மா தலைபாடாய் அடித்துக்கொண்டார்.

“தட்டினாலும் வராது, நின்னு பாத்தாலும் வராது. அப்ப இல்லாத கிளிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?” என்றார் பொறியாளர்.

கிளியம்மா தான் எடுத்த கூட்டின் படத்தைக் காட்டினார். அது போன வாரத்துப் படமாம். ஏணி போட்டு எட்டிப் பாருங்கள் என்றார். பட்ட மரத்தில் ஏணி சாத்தப் பாதுகாப்பு விதி இடம் தராதாம். சுவரிடம் பேசியிருந்தால் அதுகூட ஈரம் கசிந்திருக்கும்.

வெட்டும் நாளில் ரம்பக்காரர் ஒன்றுக்கு இரண்டு முறை தட்டினார், காதை வைத்தும் கேட்டார். எதுவும் வரவில்லை. கிளியம்மா மரத்தைக் கட்டிப் பிடித்தார். இரண்டு பேர் அவரை விலக்கி நிறுத்தினார்கள். ரம்பம் பாதி மரத்தைத் தின்ற பிறகும் எதுவும் வரவில்லை. பொறியாளர் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

மரம் விழுந்தது. பொந்து பிளந்துகொண்டது. தாய்க்கிளி சிறகை விரித்து இரண்டு குஞ்சுகள்மேல் கவிழ்ந்து கிடந்தது. மூன்றும் அசையவில்லை.

பொறியாளர் குனிந்து பார்த்தார். உண்மையிலேயே அவர் முகம் வாடிப்போயிருந்தது.

“அடப்பாவமே, உள்ளதான் இருந்திருக்கு,” என்றார். “தட்டினா வராதுன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?”