முதல் பக்கத்தில் ஒரு கொசுவலை

மைசூர் அக்ரஹாரத்துச் சந்து ஒன்றில் எட்வர்ட் வைத்திருக்கும் கொசுவலைக் கடையில், காட்சிக்கென்று ஓர் இரட்டைக் கட்டில் உண்டு. அதன் நான்கு மூலையிலிருந்தும் வெள்ளை வலை இறங்கியிருக்கும். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை அந்தக் காட்சிப் பொருளுக்குள் எட்வர்டின் மனைவி ஜூடித் படுத்துத் தூங்குவாள். ஒரு நர்ஸிங் ஹோமில் பத்தொன்பது வருடம் இரவு டியூட்டி பார்த்தவள். வேலையை விட்ட பிறகும் ராத்திரித் தூக்கம் அவளிடம் திரும்பி வரவில்லை. மின்விசிறிக் காற்றில் வலை மெல்ல உப்பி, மெல்ல அடங்கி, யாரோ பக்கத்தில் மூச்சு விடுவதுபோல அசையும்போது மட்டும் தூக்கம் கூச்சப்படாமல் உள்ளே வரும்.

அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் இப்போது ஆபத்து. ஏப்ரலில் குழாய் பதிக்கத் தோண்டிய தெரு ஆகஸ்டிலும் தோண்டியே கிடந்தது. பள்ளத்தைத் தாண்டிக் குதித்துக் கொசுவலை வாங்கும் அளவுக்கு மைசூர்க்காரர்கள் கொசுவை வெறுக்கவில்லை. இதற்கிடையில் பழைய நர்ஸிங் ஹோமிலிருந்து மேட்ரன் சுலோசனா கூப்பிட்டிருந்தார். இரவுப் பொறுப்புக்கு ஆள் வேண்டும். அக்டோபர் ஒன்றாம் தேதி வந்து சேர முடியுமா?

"கடை ஓடலைன்னா போய்த்தான் ஆகணும்ங்க" என்றாள் ஜூடித்.

"அதெல்லாம் பேடா, வேண்டாம் ஜூடி. வெப்சைட் வருது" என்றார் எட்வர்ட், மழை வருது என்று சொல்கிற அதே நம்பிக்கையில்.

வெப்சைட்டைக் கொண்டுவந்தவர் தருண்குமார். தன் அட்டையில் 'டிஜிட்டல் தொலைநோக்காளர்' என்று அச்சடித்திருந்தார். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு கோட்டுடன் பள்ளத்தைத் தாண்டி வந்தவர், கட்டிலில் உட்கார்ந்து முதலில் சொன்னது, "சார், கொசு என்பது நெகட்டிவ் வேர்டு" என்பதுதான்.

ஆகவே கொசு நீக்கப்பட்டது. கடையின் பெயர் 'எட்வர்ட்ஸ் ஸ்லீப் ஸ்பேஸ்' ஆனது. முதல் பக்கத்தில் ஒரு பனிமலை, அதன்மேல் மெதுவாக உதிக்கும் நிலா, நிலாவுக்குக் கீழே தூங்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண். "இரவுகளை மறுவரையறை செய்கிறோம்" என்று ஒரு வரி. பிறகு எங்கள் நோக்கு, எங்கள் இலக்கு, எங்கள் பயணம். எட்வர்டின் பயணம் ஹனூரில் பஸ் ஏறி மைசூரில் இறங்கியதோடு முடிந்த ஒன்று. ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்தால் அவர் மூன்று சமுத்திரங்களையாவது நீந்தியிருக்க வேண்டும். கொசுவலை என்ற சொல் எங்கும் இல்லை. அக்ரஹாரம் இல்லை. மைசூரும் இல்லை. தொலைபேசி எண், நிலாவின் ஓரத்தில், படத்தோடு படமாகக் கலந்திருந்தது.

எட்வர்டின் சபைக்காரர்கள் எதையும் ஜெபம் பண்ணித்தான் தொடங்குவார்கள். பைக்கு, போர்வெல், பிரிட்ஜ் எல்லாம் அப்படித்தான் ஓடுகின்றன. வெப்சைட்டை மட்டும் எப்படி விடுவது? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் லேப்டாப்பை மேசைமேல் வைத்து, பாஸ்டர் டேவிஸ் அதன் மூடியில் கை வைத்து ஜெபித்தார். பிறகு எட்வர்ட் மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் போனை எடுங்க. நம்ம கடை பேரை டைப் பண்ணி, உள்ள போய், அஞ்சு ஸ்டார் போடுங்க. ஸ்வல்ப நேரந்தான். அப்புறம் பிரியாணி."

ஒரே முற்றத்திலிருந்து பத்தே நிமிடத்தில் அறுபத்திரண்டு பேர் விமர்சனம் எழுதினார்கள். "கர்த்தர் நல்லவர்" என்றது ஒன்று. "எட்வர்ட் அண்ணன் கீபோர்டு அருமையாக வாசிப்பார்" என்றது இன்னொன்று. வலையைப் பற்றி எவரும் எழுதவில்லை. அவர்களில் எவரும் வலை வாங்கியதில்லை. லிசா ஆன்ட்டி மட்டும் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார். முதல் இடம் கிடைக்கட்டும் என்றுதான்.

புதன்கிழமைக்குள் அறுபத்தோரு விமர்சனங்களும் மறைந்துவிட்டன. கூட்டமாய் வந்து கும்பிடு போடுகிறவர்களைத் தேடுபொறி நம்புவதில்லை. லிசா ஆன்ட்டியின் ஒற்றை நட்சத்திரம் மட்டும் விடிவெள்ளிபோல நின்றது.

எட்வர்ட் அசரவில்லை. தினமும் காலையில் தன் போனில் தன் கடைப் பெயரைத் தானே தட்டிப் பார்ப்பார். முதலில் வரும்.

"இன்னைக்கும் நாமதான் ஃபர்ஸ்ட்."

வலைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்த ஜூடித் தலை நிமிராமல் கேட்டாள். "யாரு தேடினா?"

"நான்தான்."

"நம்ம கடை எங்க இருக்குன்னு உங்களுக்கே மறந்து போச்சா?"

எட்வர்ட் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் அவளுக்குத் தூக்கம் பாதிதான் வந்தது. மீதிப் பாதியில் வெளியே தெரு தெரிந்தது. பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி ஆறாகியிருந்தது. அதன் மேல் ஆட்கள் காலணியைக் கழற்றாமல் நடந்து வந்தார்கள். வந்து வலைக்கு வெளியே நின்று ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். ஒரு கிழவர் சொன்னார்: ஜன்னலைத் திறந்தாக் காத்து வரணும், கொசு வரக்கூடாது. தோளில் குழந்தையைப் போட்டிருந்தவள் தொட்டிலுக்கு ஆகுமா என்றாள். சொள்ளெ பரதெ இதெயா, என்று கன்னடத்தில் கொசுவலையைக் கேட்டது ஒரு குரல். எவரும் ஸ்லீப் ஸ்பேஸ் கேட்கவில்லை. எவரும் இரவை மறுவரையறை செய்துதரச் சொல்லவில்லை. அவள் கையில் பழைய கேஸ் ஷீட் இருந்தது. டாக்டர்கள் தங்கள் வார்த்தையில் எழுதுவார்கள். நர்ஸ் மட்டும், நோயாளி சொன்னதை நோயாளி சொன்னபடியே எழுத வேண்டும். பத்தொன்பது வருடம் அவள் அப்படித்தான் எழுதினாள். கடைசியில் அவளைப்போலவே ஒருத்தி, வெள்ளைச் சீருடையில், கண்ணுக்குக் கீழே கருத்துப்போய், வரிசையின் முடிவில் நின்றாள்.

"நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்தேன். பகல்ல தூங்கணும். கொசு விடமாட்டேங்குது."

ஜூடித் எழுந்து உட்கார்ந்தாள். வலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, கடைக்குப் போன் செய்தவர்கள் கேட்டதெல்லாம் ஞாபகம் வந்த வரைக்கும், கேட்ட சொல்லிலேயே ஒரு நோட்டில் எழுதினாள். கடைசி வரியாக அந்தச் சீருடைக்காரி சொன்னதையும் எழுதிவிட்டு, தருண்குமாருக்குப் போன் போட்டாள்.

அவர் மறுநாள் வந்து நோட்டைப் படித்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"மேடம், இதெல்லாம் சாதாரண ஜனங்க பேசுறது. பிராண்டுக்குச் செட் ஆகாது."

"தம்பி, தேடுறது சாதாரண ஜனங்கதானே? பனிமலையா வந்து தேடப் போகுது?"

"கடைசி வரி ரொம்ப நீளம். இப்படி யாரும் டைப் பண்ண மாட்டாங்க."

"தூக்கம் வராதவ எவ்வளவு நீளமா வேணா டைப் பண்ணுவா. நீங்க ஸ்வல்ப சாஞ்சு உக்காருங்க. உங்க கண்ணும் சிவந்திருக்கு."

சாய்ந்தவர் வலைக்குள் இருபது நிமிடத்தில் குறட்டை விட்டார். நாலு மணிக்கு விழித்தபோது அவருக்குத் தொலைநோக்கு சற்றுக் குறைந்து, பக்கத்துப் பார்வை நன்றாகத் தெரிந்தது. அவள் சொன்னதைச் செய்தார்.

நிலா போயிற்று. அவள் போனில் அது உதிக்கவே அரை நிமிடம் பிடித்தது. அதற்குள் யாராக இருந்தாலும் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். பக்கத்தின் தலைப்பில் 'மைசூர் அக்ரஹாரத்தில் கொசுவலை: அளவெடுத்துத் தைத்துத் தருகிறோம்' என்று தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வந்தது. கட்டிலுக்கு ஒரு பக்கம், ஜன்னலுக்கு ஒன்று, தொட்டிலுக்கு ஒன்று. இரவு டியூட்டி பார்த்துப் பகலில் தூங்குகிறவர்களுக்கும் ஒன்று. வெள்ளைக்காரி எழுந்து போய், ஜூடித் போனில் எடுத்த நிஜ வலைகள் வந்தன, ஒவ்வொன்றின் கீழும் அது இன்னது என்ற வரியோடு. தொட்டதும் அழைக்கும்படி எண். வரைபடத்திலும் வெப்சைட்டிலும் பலகையிலும் ஒரே பெயர், ஒரே விலாசம். பள்ளம் இல்லாத பின்பக்கச் சந்து வழியும்.

விமர்சனத்துக்கு அவள் யாரையும் கூட்டவில்லை. வலை வாங்கிய ஒருவர் இருவரை மறுநாள் காலையில் கூப்பிட்டு, வார்டில் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ராத்திரி தூக்கம் வந்துச்சா? வந்திருந்தா அதை மட்டும் எழுதுங்க. வரலைன்னாலும் எழுதுங்க, வந்து சரி பண்ணித் தர்றேன்."

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. எட்வர்ட் பழையபடி தன் பெயரைத் தேடிப் பார்த்தார். இப்போது கடைப் பெயர் 'எட்வர்ட் கொசுவலைக் கடை' என்று தரையில் நின்றது. வலை உப்பியது, அடங்கியது. நாலாவது வாரத்தில் போன் மெதுவாக ஒலிக்க ஆரம்பித்தது, குழாயில் காற்று வந்து பிறகு தண்ணீர் வருவதுபோல. ஒருநாள் ஒன்று. ஒருநாள் மூன்று. பிறகு இரண்டு நாள் மௌனம். மேட்ரனுக்கு வருவேன் என்றோ மாட்டேன் என்றோ அவளால் முடிவு சொல்ல முடியவில்லை. பீரோவின் அடியிலிருந்து வெள்ளைச் சீருடையை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள்.

செப்டம்பர் முப்பதாம் தேதி, அவள் வலைக்குள் போகிற நேரத்தில், கடைப் போன் அடித்தது.

"கொசுவலைக் கடைதானே? நர்ஸுங்க ஹாஸ்டல்ல இருந்து பேசுறேன். ஒத்தைக் கட்டில் வலை முப்பத்தாறு வேணும், ஜிப் வெச்சது. நைட் டியூட்டி பார்த்துட்டு வந்து பகல்ல தூங்குற பிள்ளைங்கம்மா. ஒரு சிஸ்டர் அழுதுட்டே சொன்னதை அப்படியே டைப் பண்ணினேன், உங்க கடை வந்துச்சு. உங்க பேரு என்னம்மா?"

"ஜூடித், சுலோசனா மேடம்."

எதிர்முனையில் சுலோசனா வாய்விட்டுச் சிரித்தார்.

"அடிப்பாவி. நாளைக்கு ஒண்ணாந்தேதி. வர்றே தானே?"

"வர்றேன் மேடம். யூனிஃபார்ம் இல்லாம, டேப் எடுத்துட்டு வர்றேன், கட்டில் அளக்க."

போனை எட்வர்டிடம் கொடுத்துவிட்டு அவள் வலையைத் தூக்கி உள்ளே போனாள். இதெல்லாம் தன்னுடைய நோக்கு, இலக்கு, பயணத்தால் வந்தது என்று சொல்ல எட்வர்ட் வாயைத் திறந்தார். அதற்குள் போன் மறுபடி அடித்தது. ஜூடித்தின் மூச்சு ஏற்கெனவே வலையோடு சேர்ந்து ஏறி இறங்கத் தொடங்கியிருந்தது. அவர் கடை வாசலுக்குப் போய், குரலைத் தாழ்த்தி, "ஸ்வல்ப மெதுவாச் சொல்லுங்க" என்றார். பிறகு நோட்டை முழங்காலில் வைத்து, கேட்டதைக் கேட்டபடியே எழுதினார்.