பச்சைக் கதவுக்குப் பின்னால் குடிதண்ணீர்

காலை பதினோரு மணிக்குத் தண்ணீர் டாங்கியின் நிழல் ஐந்தாவது தொட்டியை விட்டு விலகும். பதினொன்றரைக்கு நான்காவது. பன்னிரண்டேகாலுக்குப் பின்முற்றத்தில் நிழல் என்று சொல்ல ஒன்றுமிருக்காது. டாங்கியின் காலடியில் ஒரு பாய் அகலத்துக்குச் சுருண்டு கிடக்கும். அந்த இடத்தையும் குப்பைப் பீப்பாய்கள் பிடித்துக்கொண்டிருந்தன. தட்டு கழுவ வரிசையாக ஐந்து தொட்டிகள், ஐந்து பெண்கள். கைகள் சோப்பு நுரையில் முழங்கை வரை மூழ்கியிருந்ததால் நெற்றி வியர்வையைத் தோளால்தான் துடைக்க முடிந்தது.

நிழல் நகரும் நேரத்தைத் தட்டுப் பொறுக்கும் பெண் ஒருத்தி முதல் நாளே எழுதி வைத்திருந்தாள். பொழுதுபோக்குப் பூங்காவில் பதினெட்டு நாள் உணவுத் திருவிழா. முன்பக்கத்து மேசைகளில் கிடக்கும் எச்சில் தட்டுகளைப் பொறுக்கி, கூடையில் அடுக்கி, பின்முற்றத்துக்குச் சுமந்துவந்து போடுவது அவள் வேலை. இடுப்புப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டும் பென்சில் துண்டும் இருக்கும். மாலை வகுப்பில் தினம் ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். எழுதியது சரிதானா என்று சந்தேகம் வந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதுவாள். அடித்தது சரிதானா என்றும் சந்தேகம் வரும். இரண்டாம் நாளே எல்லோரும் அவளை நோட்டு என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"பேருதான் நோட்டு. கடையில நீட்டினா ஒருத்தனும் வாங்க மாட்டான்" என்றாள் மூன்றாவது தொட்டியில் நின்ற அண்ணி.

அவள் நோட்டின் சொந்த அண்ணன் மனைவி. ஆறு மாதக் கர்ப்பம். இரண்டு பாதமும் வீங்கி, செருப்பு வாரைக் கடைசி ஓட்டையில் மாட்டியிருந்தாள். வயிறு தொட்டி விளிம்பில் இடிக்காமலிருக்க ஒருக்களித்து நின்று கழுவுவாள். அதனால் இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் வலித்தது.

"அண்ணி, கொஞ்சம் உட்காருங்களேன்."

"எங்க? உன் தலையிலயா?"

அவள் சொன்னதும் சரிதான். கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்த பிளாஸ்டிக் பெட்டிகளைக் கிண்ணம் அடுக்க வேண்டுமென்று முதல் நாள் மத்தியானமே எடுத்துப் போய்விட்டார்கள்.

பதினெட்டு நாளும் விடாமல் வருபவர்களில் எட்டுப் பேரை நிரந்தரமாக எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நிரந்தரமானால் பிரசவ விடுப்பு உண்டு. கைக்குழந்தையோடு திரும்பி வந்தாலும் வேலை காத்திருக்கும். ஒரு நாள் தவறினாலும் பெயர் அடிபடும். இரண்டாம் நாள் மத்தியானம் கடைசித் தொட்டிக்காரி அப்படியே சரிந்து விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, வேனில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் அந்தத் தொட்டியில் வேறொருத்தி நின்றாள். அவளுடைய பெயரை யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கே அண்ணி சூப்பர்வைசரிடம் ஒரு கூரை கேட்டாள்.

"பதினெட்டு நாளைக்குக் கூரையா? இங்க என்ன கல்யாணமா நடக்குது?"

"கல்யாணம்னா பந்தலாவது போட்டிருப்பாங்களே சார்."

பெண்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். சூப்பர்வைசருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கூரை வரவில்லை.

முன்பக்கத்தில் வேறு தொல்லை. முதல்முறை வருகிறவர்கள் ஏப்ரன் கட்டிய யாரைக் கண்டாலும் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். எந்த வரிசை சீக்கிரம் நகரும், குழந்தையை எங்கே தூங்கவைப்பது, குடிக்கத் தண்ணீர் எங்கே. இருபத்தாறு கடை, நாலு ராட்டினம், மனிதத் தலைகளாகவே ஒரு கடல். வழி தெரியாமல் சுற்றியவர்கள் வாசலில் போய்ச் சண்டை பிடித்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு குறிப்புத் தாள் அடிக்க வேண்டும் என்று ஆபீசில் முடிவானது. அந்தப் பொறுப்பு சூப்பர்வைசர் தலையில் விழுந்தது. அவர் நேராக நோட்டிடம் வந்தார்.

"ஏம்மா, நீதான் எப்பப் பார்த்தாலும் கிறுக்கிக்கிட்டே இருக்கியே. நாளைக்குக் காலைல ஒரு பக்கம் எழுதிக் குடு."

"எனக்கு அவ்வளவா எழுத வராது சார்."

"வர்றதை எழுது. நல்லா அமைஞ்சா உங்க அண்ணியைக் கரண்டி ரூமுக்கு மாத்தறேன்."

கரண்டி ரூம் என்பது அடுப்படிக்குப் பக்கத்து அறை. கரண்டியைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலை. நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு. நோட்டு வேறெதுவும் கேட்கவில்லை, தலையை ஆட்டினாள்.

பஸ்ஸில் திரும்பும்போதே எழுதத் தொடங்கினாள். ஜன்னலோரத்தில் அண்ணி காலை நீட்டிப் போட்டுக்கொண்டு யோசனை சொன்னாள்.

"எழுது. சாப்பிட்டுட்டு ராட்டினத்துல ஏறாதீங்க. ஏறி வாந்தி எடுத்தா, அதைக் கழுவறவளும் ஒரு தாய் பெத்த பிள்ளைதான்."

"ரெண்டாவது வரி வேண்டாம் அண்ணி."

"அதுதான் முக்கியமான வரி."

நோட்டு முதல் வரியை மட்டும் எழுதினாள். அதன்கீழ் தன் குறிப்புகளைச் சேர்த்தாள். வந்ததும் முதல் கடையிலேயே வயிற்றை நிரப்பிவிடாதீர்கள், ஒரு சுற்று வெறுங்கையோடு நடந்து பாருங்கள். பன்னிரண்டு மணிக்கு எல்லோருக்கும் பசிக்கும், நீங்கள் பதினொன்றுக்கே பசித்துக்கொள்ளுங்கள். சின்னக் கிண்ணமாக வாங்கி இரண்டு பேர் பகிர்ந்து சாப்பிட்டால் பத்துக் கடை பார்க்கலாம். நீளமான வரிசை எல்லாம் நல்ல கடை அல்ல. சிலசமயம் கல்லாக்காரர் புதியவராக இருப்பார். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தால் சூப் கடைப் பக்கம் கூட்டத்தில் நுழையாதீர்கள்.

"பசித்துக்கொள்ளுங்கள்" என்பதை அடித்தாள். பிறகு மறுபடி சேர்த்தாள்.

குடிதண்ணீருக்கு வந்தபோது அவள் கை தயங்கவில்லை. தண்ணீர் இருக்கும் இடம் அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். வாசலிலிருந்து இடதுபக்கம், ஐஸ்கிரீம் கடைக்கும் ராட்டினத்துக்கும் நடுவே உள்ள சந்து, அதன் கோடியில் பச்சைக் கதவு, உள்ளே நுழைந்தால் சுவரோரம் வடிகட்டிய தண்ணீர்க் குழாய். இலவசம். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு காலடி. மறுநாள் காலை வாசல் திறப்பதற்கு முன், எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி நடந்து எண்ணினாள். இருநூற்றுப் பன்னிரண்டுதான் வந்தது. அதன்பிறகே தாளைக் கொடுத்தாள்.

சூப்பர்வைசர் முதல் நாலு வரி படித்தார். பசித்துக்கொள்ளுங்கள் என்ற இடத்தில் சிரித்தார். "பரவாயில்லையே" என்று மடித்துப் பையில் வைத்தார். மத்தியானத்துக்குள் ஆயிரத்தைந்நூறு தாள் அச்சாகி, டிக்கெட்டோடு ஒவ்வொருவர் கைக்கும் போகத் தொடங்கியது.

பன்னிரண்டே முக்கால் இருக்கும். கழுவும் பெண்கள் முறை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் குப்பைப் பீப்பாய்களுக்கு நடுவே நின்றபடி, சாப்பாட்டுப் பொட்டலத்தை இடது கையில் ஏந்தி, ஈயை ஊதி விரட்டிக்கொண்டு தின்றார்கள். மற்றவர்கள் வெயிலில் கழுவினார்கள். சந்துப் பக்கமிருந்து ஒரு மனிதர் எட்டிப் பார்த்தார். தோளில் குழந்தை, கையில் தாள்.

"தண்ணி இங்கதானே?"

பின்முற்றத்துக்கு இதுவரை வெளியாள் வந்ததில்லை. அண்ணிதான் நுரைக் கையால் சுவரைக் காட்டினாள். "அதோ. நல்ல தண்ணிதான், பயப்படாம குடிங்க."

அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் வந்தது. அதற்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோர் கையிலும் தாள், எல்லோர் கையிலும் காலிப் பாட்டில். வந்தவர்கள் குழாயடியில் வரிசை கட்டினார்கள். வெயில் சுட்டது, சிமெண்டுத் தரை சுட்டது. வரிசையில் நின்றபோதுதான் அவர்கள் தொட்டிகளைப் பார்த்தார்கள். பீப்பாயோரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் பொட்டலத்தை மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்கள்.

தட்டுக்கூடையோடு உள்ளே வந்த நோட்டு கதவருகிலேயே நின்றுவிட்டாள். பச்சைக் கதவை ஒரு செங்கல் முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்திருந்தது. முதல் நாளிலிருந்து அப்படித்தான் இருக்கிறது. அவள் கூடையை இறக்கிவிட்டுக் கதவுக்கும் சுவருக்கும் நடுவே தலையை நுழைத்துப் பார்த்தாள். மறைந்திருந்த பக்கத்தில் பலகை தொங்கியது. பணியாளர்களுக்கு மட்டும்.

நாலு நாளாக ஒரு நாளைக்கு எழுபது தடவை அந்த வழியே போய்வந்தவள். பார்வையாளர்கள் எதுவரை போகலாம் என்று அவளுக்குத் தெரியாது. பார்வையாளராக அவள் அங்கே நடந்ததே இல்லை.

வரிசையிலிருந்த ஒரு பெண்மணி குடையை விரித்தாள். வயது ஐம்பதிருக்கும், கனத்த உடம்பு. தன் தலைக்குப் பிடிப்பாள் என்று பார்த்தால், நேரே வந்து அண்ணி தலைக்கு மேல் பிடித்தாள்.

"எத்தனை மாசம்?"

"ஆறுங்க. நீங்க தண்ணி பிடிங்க, வரிசை போயிடும்."

"போகட்டும். நீ கழுவு."

அண்ணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குடைக்குக் கீழே ஆறு தட்டுகளைக் கழுவினாள். ஏழாவது தட்டில் கை நின்றது. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, "சோப்பு பட்டுடுச்சு" என்றாள்.

சூப்பர்வைசர் ஓடி வந்தபோது முற்றத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். தோளில் குழந்தை வைத்திருந்தவர் அவரைக் கேட்டார். "இங்க ஒரு கூரை போடக் கூடாதா சார்? நாங்க அஞ்சு நிமிஷம் நிக்க முடியலை."

"போடப் போறோம் சார், போடப் போறோம்" என்றார் சூப்பர்வைசர். அவர்கள் போகும்வரை சிரித்த முகமாக இருந்துவிட்டு, நோட்டைத் தனியாகக் கூப்பிட்டார்.

"யாரைக் கேட்டு இந்த வழியைப் போட்ட?"

"எனக்கு இந்த வழிதான் சார் தெரியும். தண்ணியும் இங்கதான் இருக்கு."

"முன்னாடி கடைல பாட்டில் தண்ணி விக்கலையா?"

"அது இலவசம் இல்லையே சார்."

"கரண்டி ரூம் பேச்சை இனிமே எடுக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவை இழுத்துச் சாத்திவிட்டு, வெளியே ஒரு காவலாளியை நிறுத்தினார்.

நோட்டு தொட்டிகளுக்குப் பக்கத்தில் போகவில்லை. கூடையை எட்டத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அண்ணிதான் கூப்பிட்டாள்.

"ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்க?"

"எழுதறதுக்கு முன்னாடி அந்தப் பலகையைப் பார்த்திருக்கணும் அண்ணி. அடியை மட்டும் எண்ணினேன். உங்களுக்கு வந்த நாற்காலியை நானே கெடுத்துட்டேன்."

"வராத நாற்காலியை எப்படிடி கெடுப்ப? தப்பா என்ன எழுதிட்ட? தண்ணி இங்க இல்லையா? அந்தக் கூடையைக் கிட்டக் கொண்டா, குனிய முடியலை."

கதவு ஒன்றரை மணி நேரம்தான் சாத்தியிருந்தது. தாள் ஏற்கெனவே ஆயிரம் பேர் கையில் இருந்தது. காவலாளியிடம் தாளைக் காட்டினார்கள், பிறகு டிக்கெட் கவுண்டரில் காட்டினார்கள், பிறகு ஆபீஸ் வாசலிலேயே போய் நின்றார்கள். இலவசம் என்று போட்டிருக்கிறதே, எங்கே தண்ணீர் என்று கேட்டார்கள். குடைக்காரப் பெண்மணி கூட்டத்துக்கு முன்னால் நின்று, "தண்ணிய மட்டும் கேக்கலை, கூரையும் கேக்கறோம்" என்றாளாம். ஐஸ்கிரீம் கடைக்காரர் வந்து சொன்னார். மூன்று மணிக்குக் காவலாளி தானே செங்கல்லை எடுத்து மறுபடி முட்டுக்கொடுத்தார்.

மறுநாள் காலை அவர்கள் வேலைக்கு வந்தபோது இரும்புக் கம்பம் நட்டுத் தகரக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். புத்தம்புதுத் தகரம். அண்ணி இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள். கூரை பச்சைக் கதவிலிருந்து தொடங்கி, சுவரோரமாகப் போய், குடிதண்ணீர்க் குழாயோடு முடிந்தது. தொட்டிகளுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு அடி தூரம் இருந்தது.

"இன்னும் ரெண்டு தகரம் போட்டா எங்க தலைக்கும் வந்துடுமே" என்றாள் கூரைக்காரரிடம்.

"அளவு எழுதிக் குடுத்தது ஆபீஸ்லம்மா. நான் கூலிக்காரன்."

அவர் கருவிகளைச் சுருட்டிக்கொண்டு போனதும் ஐந்து பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி எதுவும் சொல்லாமல் தன் தொட்டியின் இரும்புக் காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். "நீங்க விடுங்க" என்று மற்ற நாலு பேரும் வந்தார்கள். நோட்டு ஒரு பக்கம் பிடித்தாள். தண்ணீரைச் சரித்துவிட்டு, ரப்பர் குழாய் எட்டும் தூரம் வரை ஒவ்வொரு தொட்டியாக இழுத்தார்கள். சிமெண்டில் இரும்பு தேய்ந்து கிறீச்சிட்டது. ஐந்து தொட்டியும் கூரை ஓரத்துக்கு வந்து சேர்ந்தன. நிற்பவர்களின் தலைக்கு மேல் தகரம் இருந்தது.

பத்தரைக்குச் சூப்பர்வைசர் வந்தார். தொட்டிகளைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், அண்ணியின் பாதத்தைப் பார்த்தார்.

"சரி, இருங்க. ஆனா ஆளுங்க தண்ணிக்கு வந்தா ஒதுங்கி இடம் விடணும். அவங்களுக்காகப் போட்டது."

அன்றைக்குக் கூட்டம் பதினொன்றுக்கே பசித்துக்கொண்டு வந்தது. பன்னிரண்டேகாலுக்கு நோட்டு நிறைந்த கூடையோடு சந்தில் நடந்தபோது அவளுக்கு முன்னால் இருபது பேர் போனார்கள். கதவுக்குள் முதல் ஆள் தலை தெரிந்ததும் நாலு பெண்கள் ஈரக்கையை உதறிக்கொண்டு வெயிலுக்குள் இறங்கி, சுவரைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். அவர்கள் விரல் நுனியிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் விழுந்த உடனே காய்ந்தது. அண்ணி மட்டும் நகரவில்லை. ஒருக்களித்து நின்று, அடுத்த தட்டை நுரைக்குள் அமிழ்த்தினாள். அவளுக்கும் குழாய்க்கும் நடுவே இருந்த ஒரு முழ இடத்தில் புதிதாக வந்தவர் தன்னைக் குறுக்கி நுழைந்து, பாட்டிலை நீட்டி, நிறையும்வரை காத்திருந்தார்.