கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம்

எங்கள் ஊர்ப் பருத்தி ஆலையை இடித்து வணிக வளாகம் கட்டியபோது, தறிக்கூடம் இருந்த இடத்தை நடுவில் வெட்டவெளியாக விட்டுவிட்டார்கள். சுற்றிலும் மூன்று மாடி, கண்ணாடித் தடுப்பு. இந்தப் பக்கம் உட்கார்ந்தால், அந்தப் பக்கத்துத் தேநீர்க் கடையில் யார் என்ன தின்கிறார்கள் என்பதுவரை தெரியும்.

என் வீட்டுக்காரர் ஹாரி தவறின பிறகு வருகிற முதல் கிறிஸ்துமஸ். நான் சுட்ட பழக் கேக் பையில் இருந்தது. அதை மார்ஜரியிடமும் அவள் தங்கை ஐவியிடமும் கொடுத்து, "அன்னிக்கு உங்க வீட்டுக்கு வரட்டுமா?" என்று கேட்டுவிடலாமென்று வந்திருந்தேன். மூவரும் ஒரே கூடத்தில் தறி ஓட்டியவர்கள்.

இந்தப் பக்கக் கடையில் ஒரு மேசையில் உட்கார்ந்தேன். எதிர்ப்பக்கக் கடையில் இருவரும் இருந்தார்கள். கையசைக்கப் போனேன். ஐவி என்னைப் பார்த்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினாள். தறி இரைச்சலில் நாங்கள் பேசுவோமே, அப்படி, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் இழுத்து இழுத்துப் பேசினாள்.

"அக்கா, ஹில்டா வந்திருக்கா. பாக்காத மாதிரி இரு."

"ஐயோ! உக்காந்தான்னா கடை சாத்துற வரைக்கும் ஹாரி புராணந்தான்."

"கிறிஸ்துமஸுக்கு வேற வந்து ஒட்டிக்குவா, பாரேன்."

"பேசாம இரு, கேட்டுறப் போவுது."

"உதடு மட்டுந்தான அசையுது, இவ்ளோ தூரத்துல எப்படிக் கேக்கும்?"

அந்த உதட்டுப் பேச்சை ஐவிக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

மார்ஜரி நிமிர்ந்தாள். என் கண்ணைப் பார்த்ததும் கோப்பையோடு அவள் கை அப்படியே நின்றது. பிறகு உதட்டை இழுத்தாள்:

"வாயேன் ஹில்டா, டீ குடிக்கலாம்."

நானும் இழுத்தேன். "இல்லடி, பஸ் வந்துரும். கிறிஸ்துமஸுக்கு மகன்கிட்டப் போறேன். சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

"ஆஸ்திரேலியாவுக்கா?"

"ஆமா. டிக்கெட் அனுப்பியிருக்கான்."

"குடுத்து வச்சவடி நீ!" என்று ஐவி கைதட்டினாள். மார்ஜரி தட்டவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் எழுந்து போன பிறகு கேக் டப்பாவைத் திறந்தேன். மேசை துடைக்கிற பெண் வந்தாள்.

"வெளிய வாங்கினத இங்க சாப்பிடக் கூடாதும்மா."

"வாங்கல கண்ணு, நானே சுட்டது."

"அதுவும் கூடாது."

"சரி, நீ ஒரு துண்டு எடுத்துக்கிறியா?"

"வேலை நேரம்மா." அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

டப்பாவை மூடினேன். எதிர்ப்பக்க மேசை காலியாகவே இருந்தது. 'கேக் நல்லா வந்திருக்கு, ஹில்டா' என்று அதைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தேன்.