ஒரு மணி மாத்திரை

என் தம்பி லிங்கேஸ்வரன் பெங்களூரில் மூளை ஆராய்ச்சி செய்கிறான். எங்கள் அப்பாவுக்கு எட்டு வருடமாக நடுக்குவாதம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நான். அவன், பெரிய துரை, எங்கள் ஊர் இலஞ்சிக்கு வருவது குற்றால சீசனுக்கு மட்டும். வந்தால் வாய் ஓயாது.

இந்த வருடமும் காரில் ஏறியதும் ஆரம்பித்துவிட்டான்.

"மூளை செல்லுல ஒத்தை முடி மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும்க்கா. அதுல இருக்க ரிசப்டர்தான் மத்த செல் அனுப்புற சேதியப் பிடிக்கும். இந்த நோயில சில செல்லுக்கு அந்த முடியே இல்லாமப் போயிருது. சேதி வந்தாலும் வாங்க ஆளில்ல. எலிக்கு மருந்து கொடுத்து, திரும்ப முளைச்சிருக்கு."

"எலி நல்லா இருக்கட்டும். அப்பாவுக்கு ஒரு மணிக்கு மாத்திரை. அவரு சட்டைப்பையில வச்சிருக்கேன். தவறுனா நின்ன இடத்துலயே கால் ஒட்டிக்கிடும்."

"எனக்கே பாடம் நடத்துதியா?"

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் தனி என்பதால், அப்பாவை அவனிடம் விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

குளித்துவிட்டு ஒன்றரை மணிக்கு வந்து பார்த்தால், வழுக்கும் தளத்தின் நடுவில் அப்பா துண்டோடு நிற்கிறார். உடம்பெல்லாம் எண்ணெய். கால் அசையவில்லை. குளிக்கப் போகிற கூட்டம் இடித்துக்கொண்டு போகிறது. ஒரு முழங்கை பட்டால் போதும், மண்டை உடைந்துவிடும்.

"ஏலே, மாத்திரை எங்கலே?"

"எண்ணெய் தேய்க்கச் சட்டையக் கழத்தி கார்ல போட்டோம். குளிச்சிட்டுத்தான எல்லாரும் சாப்பிடுவாங்க, அப்பப் போட்டுக்கிடலாம்னு இருந்தேன்." நாலடி தள்ளி நின்று போனை நீட்டிக்கொண்டிருந்தான். "ஒரு நிமிஷம்க்கா. லேப்ல காட்டணும். இப்படி நேர்ல கிடைக்காது."

"நாசமாப் போறவனே! கண்ணுக்குத் தெரியாத முடியெல்லாம் தெரியுது, பெத்த அப்பன் நிக்கது தெரியலயாலே?"

ஓடிப்போய் அப்பாவின் காலுக்கு முன்னால் என் காலைக் குறுக்கே வைத்தேன். எதையாவது தாண்டச் சொன்னால் அவர் கால் கிளம்பும். எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தது.

"தாண்டுங்கப்பா."

கால் கிளம்பியது. ஆனால் அப்பா அதை மறுபடியும் அதே இடத்தில் ஊன்றிக்கொண்டார். உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோனேன்.

"பொறு தாயி. தம்பி படம் எடுக்கான்லா. முடிக்கட்டும்."

அருவி இரைச்சலில் அது லிங்கேஸ்வரனுக்குக் கேட்கவில்லை.

"கொஞ்சம் விலகுக்கா," என்றான். "கால் தெரியல."